அட்டையில் மட்டும் மாற்றிய ஆயில்

செப்டம்பர் 7, ஞாயிறு

மூர்த்தி வருகிறான். ஆயுத பூஜையன்று காலை.

"ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம்க்கா. நானே ஆட்டோ புடிச்சு வந்துர்றேன். கேட்டுல இருந்து நடந்து வர்றதை மட்டும் நீ நின்னு பாரு" என்றான் போனில்.

நாலரை வருஷத்துக்கு முன்னால் பல்லடம் ரோட்டில் பைக்கில் போய்க்கொண்டிருந்த என் தம்பியை ஒரு வேன் தட்டியது. தண்டுவடத்தில் அடி. சென்னையில் ஒரு சிகிச்சை மையத்தில் சேர்த்தேன். இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்தவன் உட்கார்ந்தான், பிறகு நின்றான், பிறகு அங்கேயே கம்ப்யூட்டரில் ஒரு வேலை பார்த்துக்கொண்டு தங்கிவிட்டான். இப்போது நடந்து வருகிறேன் என்கிறான். வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள், சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றிருப்பாள். நான் போனைக் காதில் வைத்தபடியே ஜன்னல் வழியாகக் கார் ஷெட்டைப் பார்த்தேன். மூர்த்தி என் பொறுப்பில் விட்டுப்போன கார் அங்கேதான் நிற்கிறது.

"வண்டி எப்படிக்கா இருக்கு?"

"நல்லா இருக்குடா."

"ஆயிலெல்லாம்?"

"மாத்தாமயா இருப்பேன்? எல்லாம் நல்லா இருக்கு."

"அப்ப விஜயதசமி அன்னிக்குக் காலைல கோத்தகிரி. நான் ஓட்டறேன், நீ பக்கத்துல உக்காரு. மேல போய் ஒரு டீ குடிச்சுட்டு எறங்கிறலாம்."

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

இந்த நோட்டிலாவது உண்மையை எழுதிவிடுகிறேன். நாலரை வருஷமாக அந்த வண்டிக்கு ஒரு சொட்டு ஆயில் நான் மாற்றவில்லை. மாற்றினேன் என்று மட்டும் வாராவாரம் சொன்னேன்.

செப்டம்பர் 8, திங்கள்

தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை எனக்கு. இன்று இரண்டு பாட்டில்களில் ஒரே எண்ணை ஒட்டிவிட்டேன். இருபது வருஷத்தில் இது முதல் தடவை.

செப்டம்பர் 9, செவ்வாய்

வேலை முடிந்து வந்ததும் ஷெட்டைத் திறந்தேன்.

சிவப்பு வண்டி. இரண்டே சீட்டு. துணிக் கூரை. ஜப்பானில் செய்தது, குன்னூரில் இருந்த ஒரு ராணுவ அதிகாரியிடமிருந்து மூர்த்தி கைக்கு வந்தது. வயது இருபத்தொன்பது. மூர்த்தி இதை ரேஸ் டிராக்கில் ஓட்டியவன். இதைக் கொண்டுபோய்க் கட்டிலில் படுக்க வைக்காததுதான் பாக்கி என்று அம்மா இருந்தவரை திட்டுவாள். கல்யாணம் செய்துகொள்ளாததற்கும் இந்த வண்டிதான் காரணம் என்று ஊரில் பேச்சு. எனக்குக் கல்யாணம் ஆகாததற்கு எந்த வண்டி காரணம் என்று யாரும் சொல்லவில்லை.

நான் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவுவேன். சந்தனம், குங்குமம், முன்னால் ஒரு மாலை, நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம். போட்டோ எடுத்து மூர்த்திக்கு அனுப்புவேன். எந்தக் கோணத்தில் எடுத்தால் டயரில் காற்று இல்லாதது தெரியாது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்த எலுமிச்சம்பழங்கள் மேல் சக்கரம் ஏறவே இல்லை. மறுநாள் நானே பொறுக்கி எறிந்துவிடுவேன்.

ஆயில் அளவு பார்க்கிற குச்சியை இழுத்துத் துணியில் துடைத்தேன். தார். பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தால் பழைய வார்னிஷ் நாற்றம். மூடிவிட்டு வீட்டுக்குள் வந்து கை கழுவினேன். திரும்பவும் கழுவினேன்.

இன்னும் இருபத்திரண்டு நாள்.

செப்டம்பர் 10, புதன்

வெள்ளிங்கிரியின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மூர்த்தி ரேஸ் ஓட்டிய காலத்தில் அவன் வண்டியில் கை வைக்க உரிமை இருந்த ஒரே மெக்கானிக். இன்றும் இருவரும் ஞாயிறு தவறாமல் போனில் பேசுவார்கள். அதனால்தான் இத்தனை நாள் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன்.

பூஜை நெருங்குகிறது, வாசல் வரைக்கும் வண்டிகள். ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஏனுங்க்கா, நாலரை வருசமா? ஒண்ணுமேவா மாத்துல?"

"ஒண்ணுமே மாத்தல. மூர்த்திக்குத் தெரியாது. நீயும் சொல்லக் கூடாது."

அவன் கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். "அவனுந்தானுங்க்கா உங்ககிட்ட…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. பூஜை முடியற வரைக்கும் எனக்கு மூச்சு வுட நேரமில்ல. சுலபமானதை நீங்களே செய்யுங்க, எப்படின்னு சொல்றேன். இருவத்தொண்ணு ஞாயித்துக்கெழமை நான் வந்து மிச்சத்தைப் பாக்கறேன்."

ஜாக்கி, தாங்கி நிறுத்த இரண்டு ஸ்டாண்டு, ஸ்பேனர் செட், ஒரு பழைய பேசின் எல்லாம் கொடுத்தனுப்பினான். "வண்டிக்கடியில பூர்றதுக்கு முந்தி ஸ்டாண்டு வெச்சு நல்லா ஆட்டிப் பாருங்க. ஆடுச்சுன்னா பூராதீங்க."

நாற்பத்தாறு வயதில் எனக்கு இது தேவைதான்.

செப்டம்பர் 13, சனி

இன்ஜின் ஆயில் இறக்கியாயிற்று. நான்கு வரியில் எழுதிவிடலாம், செய்ய நான்கு மணி நேரம் ஆயிற்று. மல்லாந்து படுத்துக்கொண்டு பார்த்தால் இடம் வலமாகி, கழற்றுகிறேன் என்று அரை மணி நேரம் போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். கடைசியில் அசைந்தபோது முழங்கை வரைக்கும் வழிந்தது. ஓடக்கூட இல்லை, யோசித்து யோசித்து இறங்கியது.

ஃபில்டரும் மாற்றினேன். புது ஆயில் ஊற்றியபோது அதன் நிறத்தைப் பார்த்துக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. நல்ல தேன் நிறம்.

பழைய பெட்ரோலையும் டியூப் போட்டு இறக்கினேன். வீடு முழுக்க அந்த வாடைதான். சாம்பார் வைத்தும் போகவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

ரேடியேட்டர்.

கீழே குழாயைத் திறந்ததும் செம்மண் குட்டை மாதிரி வந்தது. பச்சையாக இருக்க வேண்டிய கூலன்ட், இன்ஜின் சூட்டைத் தணிக்கிற திரவம். ஏன் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முந்தைய பூஜையன்று பானெட்டைத் திறந்து பார்த்தேன். எல்லா டப்பாவிலும் அளவு கோட்டுக்குக் கீழே இருந்தது. பூஜையன்று எதுவும் குறையாக இருக்கக் கூடாதே. நிறைகுடம் வைத்துக் கும்பிடுகிற குடும்பம். எல்லாவற்றையும் கோடு வரைக்கும் நிரப்பினேன். ரேடியேட்டருக்கு வீட்டு போர் தண்ணீர்.

இந்த போர் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று நானே சோதித்து எழுதிய தாள் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. குடிக்க வேண்டாம், துணி துவைக்கவும் யோசியுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். அதை மூர்த்தியின் வண்டிக்கு ஊற்றினேன்.

லேபிலிருந்து சுத்தத் தண்ணீர் கேன் கொண்டுவந்து ஏழு முறை அலசினேன். ஏழாவது முறைதான் தெளிந்தது. பிறகு புது கூலன்ட்.

அன்றைக்கு வேறு எதையெல்லாம் நிரப்பினேன் என்று இன்று யோசிக்க வேண்டாம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மூர்த்தியிடமிருந்து மெசேஜ்: "பிரேக் பெடல் எப்படி இருக்கு? லேசா மிதிச்சாலே புடிக்குதா, இல்ல பலமா அழுத்தணுமா?"

லேசாத்தான் என்று பதில் போட்டேன். அரை மணி நேரம் கழித்து மறுபடி: "எவ்வளவு லேசா?"

சந்தேகப்படுகிறான். இல்லாவிட்டால் இதை ஏன் இவ்வளவு குடைய வேண்டும்?

செப்டம்பர் 18, வியாழன்

இன்று ஒரு காரியம் செய்தேன். பெருமைப்பட ஒன்றுமில்லை.

பானெட்டுக்கு உள்பக்கம் ஒரு அட்டையைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுவது மூர்த்தியின் வழக்கம். எந்தத் தேதியில் எந்த ஆயில் மாற்றியது என்று அவன் கையால் எழுதியிருப்பான். கடைசி வரி: 17-1-2021, இன்ஜின் ஆயில், ஃபில்டர். அதற்குக் கீழே வெறுமை. வந்ததும் முதலில் இதைத்தான் பார்ப்பான்.

உட்கார்ந்து ஒன்பது வரி எழுதினேன். நீலப் பேனா, கறுப்புப் பேனா, மை தீரப்போகிற ஒரு பேனா. ஒரு வரியை வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாக. ஆயில் பட்ட கட்டை விரலால் அங்கங்கே அழுத்தினேன். 2023-க்கு நேராக "பிரேக் ஆயில், முழுவதும்" என்று எழுதினேன். ஆய்வுக்கூடத்தில் யாராவது இப்படிச் செய்தால் நானே வேலையை விட்டு அனுப்பச் சொல்வேன்.

பார்க்க அச்சு அசலாக இருக்கிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

வெள்ளிங்கிரி சொன்னபடி வந்தான். கியர் பாக்ஸ் ஆயிலில் ஆரம்பித்தான். அதில் ஊற்றுகிற போல்ட்டை முதலில் கழற்ற வேண்டுமாம், வடிக்கிற போல்ட்டை அப்புறம்தான். "மொதல்ல வடிச்சுப்போட்டு, ஊத்தற போல்ட்டு வரலீன்னா என்ன பண்ணுவீங்க? வண்டி வெறும் வயித்தோட நிக்கும்." பின் அச்சின் ஆயிலையும் மாற்றினோம். சாணி நிறம், கந்தக நாற்றம். அவன் பாட்டுக்கு விசிலடித்துக்கொண்டிருந்தான். எனக்கும் தைரியம் வந்து டீ போட்டுக் கொண்டுவந்தேன்.

பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்ததும் விசில் நின்றது.

மூடிக்குள் இருக்கும் ரப்பர் வட்டு ஊறிப் பெருத்துப்போய் வெளியே பிதுங்கியது. திரும்ப உட்காரவே இல்லை. அவன் விரலை உள்ளே விட்டுத் தேய்த்துப் பார்த்தான், மோந்து பார்த்தான்.

"இதுல என்னத்த ஊத்துனீங்க்கா?"

அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினேன். ஸ்டியரிங்குக்கு ஊற்றுகிற சிவப்பு ஆயில். அன்றைக்குக் கைக்கு அதுதான் கிடைத்தது. ஆயில் எல்லாம் ஆயில்தானே என்று நினைத்தேன்.

வெள்ளிங்கிரி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "இது பட்டா பிரேக்குல இருக்கற ரப்பரெல்லாம் இப்படித்தான் ஊதிருமுங்க. மேல இருக்கறதும், நாலு வீல்லயும். எல்லாத்தையும் மாத்தோணும். வெறும் ஆயிலை மாத்துனா ஆகாது."

"இப்ப மிதிச்சா நல்லாத்தானே இருக்கு?"

"அதானுங்க பயமே. இங்க வீட்டு வாசல்ல நல்லாத்தான் இருக்கும். கோத்தகிரி எறங்கறப்ப நாலு கொண்டை ஊசி தாண்டி சூடாச்சுன்னா, பெடல் தரை வரைக்கும் போயிரும். இல்லீன்னா புடிச்சது வுடாது."

உள்ளே இருந்ததை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சும்மா புது ஆயில் கொஞ்சம் ஊற்றி மூடினான். ரப்பர் செட்டுக்குச் சொல்லி வைக்கிறேன், வர வேண்டும், அதுவரை வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது என்றான். எழுந்தவன் கண்ணில் அட்டை பட்டது. படித்தான். என் முகத்தைப் பார்த்தான்.

"இதை மட்டும் கழட்டிருங்க்கா. இதைப் பாத்தான்னா அவன் நம்பிருவான்."

சரி என்றேன். கழற்றவில்லை. கழற்றினால் அட்டை எங்கே என்று கேட்பானே.

செப்டம்பர் 22, திங்கள்

வெள்ளிங்கிரி உறிஞ்சி எடுத்ததில் கொஞ்சம் லேபுக்குக் கொண்டுபோய்ச் சோதனைக் குழாயில் விட்டு வைத்தேன். மதியம் சாப்பிட்டு வந்து பார்த்தால் இரண்டாகப் பிரிந்து நின்றது. மேலே சிவப்பு, கீழே கலங்கல். நடுவில் கோடு போட்ட மாதிரி. கூட வேலை பார்க்கும் தமயந்தி "எந்த ஊர் சாம்பிள் மேடம்?" என்றாள். எங்க ஊர்தான் என்றேன்.

செப்டம்பர் 24, புதன்

ரப்பர் செட் அக்டோபர் நாலாம் தேதிக்கு முன்னால் வராதாம்.

மூர்த்தியிடம் மலையில் மழை என்று சொல்லிப் பார்த்தேன். "மழையிலதான்க்கா நல்லா இருக்கும்" என்றான். லேபில் லீவு கிடைக்காது போல என்றேன். "விஜயதசமி கவர்மென்ட் லீவுக்கா" என்றான். சிரித்தான். அப்புறம் சிரிப்பில்லாமல், "அது ஒண்ணை நெனச்சுத்தான் நாலு வருசம் கம்பியப் புடிச்சு நின்னேன். தள்ளிப் போடாத" என்றான்.

உன் உயிர் போய்விடுமடா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "சரி சாமி" என்று வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆகஸ்டில், கடைசியாகச் சென்னைக்குப் போனேன். நடைப் பயிற்சிக்கான இரண்டு கம்பிகளுக்கு நடுவில் மூர்த்தி நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஒரு அடி எடுத்து வைத்தான். விழுந்தான். இரண்டு பேர் வந்து தூக்கினார்கள். அவன் என்னையே பார்த்தான். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"இனி நீ வராதக்கா. நானே நடந்து வர்றேன். அப்பப் பாத்துக்க" என்றான்.

சரி என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

திரும்பி வந்த வாரமே அவன் வண்டி ஓட்டும்போது மாட்டுகிற ஷூவைப் பழைய துணியோடு சேர்த்துப் போட்டுவிட்டேன். நல்ல ஷூ. இரண்டு மாதம் கழித்துப் பூஜை வந்தது. அன்றுதான் டப்பாவெல்லாம் கோடு வரைக்கும் நிரப்பினேன்.

ஆயில் மாற்ற நேரமில்லை என்பதெல்லாம் சும்மா. அவன் வருவான் என்று நான் நினைக்கவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

புது பேட்டரி, புது பெட்ரோல், நாலு டயருக்கும் காற்று. முதல் முறை இருமியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. ஷெட் அதிர்ந்தது. கொஞ்ச நேரம் புகை, அப்புறம் சீராக ஓடியது. மூர்த்தி வீட்டில் இருந்த காலத்துச் சத்தம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன், யாரும் பார்க்கவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

வாழையிலை, பொரி, எலுமிச்சம்பழம் நாலு, சந்தனம். பேட்டரி ஒயர் ஒன்றைத் தளர்த்தி விட்டேன். வண்டி கிளம்பாது. நாலாம் தேதி வரைக்கும் இப்படியே ஓட்டிவிடலாம்.

அக்டோபர் 1, புதன்

கேட்டிலிருந்து வாசல்படிக்கு நாற்பத்தொரு அடி. இடது கையில் ஒரு தடி, முதுகில் பை. ஒவ்வொரு அடியிலும் வலது காலை இடுப்பிலிருந்து வீசி வைத்தான். ஆனால் நடந்தான். ஓடிப் போய்ப் பிடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படியேறியதும் "என்னக்கா, இளைச்சுட்டே" என்றான். பையை வாங்கிக்கொண்டேன்.

குளித்துவிட்டு நேராக ஷெட்டுக்குத்தான். பானெட்டைத் தானே தூக்கினான். ஆயில் குச்சியைப் பார்த்தான். ரேடியேட்டரைப் பார்த்தான். பிறகு அட்டையை விரலால் நிமிர்த்திப் படித்தான். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும். 

"பரவால்லியேக்கா. என்னைய விட ஒழுங்கா எழுதியிருக்க" என்றான். அட்டையைத் தடவிக் கொடுத்தான்.

பொட்டு வைத்தோம், மாலை போட்டோம், பழம் வைத்தோம். "நாளைக்குக் காலைல இது மேல ஏத்திட்டுக் கெளம்பறோம்" என்றான். மாலையில் ஷூவைத் தேடினான். எலி கடித்துவிட்டது என்றேன்.

அக்டோபர் 2, வியாழன்

காலை ஆறு மணிக்குச் சாவியைத் திருகினான். சத்தமில்லை. நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். மூர்த்தி இறங்கி, பேட்டரியைப் பார்த்து, கையாலேயே ஒயரை இறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ரேஸ் ஓட்டியவனிடம் என் கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான்.

வண்டி உறுமியது. "ஏறுக்கா."

நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். 

"பிரேக் ஆகாது மூர்த்தி. ஆஃப் பண்ணு."

"என்ன?"

"அட்டையில இருக்கறது எல்லாம் நான் போன வாரம் எழுதுனது. நாலரை வருசமா ஒண்ணும் மாத்தல. பிரேக்குல ஸ்டியரிங் ஆயிலை ஊத்திட்டேன். ரப்பரெல்லாம் போச்சு. வெள்ளிங்கிரி வண்டிய எடுக்கவே கூடாதுன்னான்."

அணைத்தான். மாலையைப் பார்த்தான்.

"ஏன்க்கா?"

"நீ வருவேன்னு நெனைக்கல."

சொல்லிவிட்டேன். இதை அவனிடம் சொல்லாமல் இருக்கத்தான் இத்தனை பாடும். அவன் கோபப்படுவான் என்று காத்திருந்தேன். அவன் கண் என் மேல் இல்லை, ஸ்டியரிங்குக்குக் கீழே எங்கேயோ இருந்தது.

"சரி. பின் வீல்ல என்ன வருதுன்னு பாக்கலாம். டியூப்பும் பாட்டிலும் எடு" என்றான்.

பிரேக் ஆயிலை இறக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தருகே ஆயில் வடிகிற சின்ன நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். ஒருவருக்கொருவர் முகம் தெரியாது, குரல்தான். திறக்கிறவர் "மிதி" என்பார், மிதிப்பவர் "மிதிச்சாச்சு" என்பார்.

பின் சக்கரத்தைக் கழற்றி, கீழே உட்கார்ந்து டியூப்பை மாட்டினேன்.

"மிதி."

"மிதிச்சாச்சு."

திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மூடினேன்.

"மிதி."

"மிதிச்சாச்சு."

ஒரு சொட்டு எட்டிப் பார்த்து நின்றது. குழாய் அடைத்துவிட்டது, அதையும் நான்தான் கெடுத்துவிட்டேன் என்று பயந்து போனேன். இன்னும் பலமா மிதிடா என்றேன். "மிதிச்சாச்சுக்கா, மிதிச்சாச்சு" என்றான். குரல் உடைந்திருந்தது. எழுந்து கதவுப் பக்கம் போய்ப் பார்த்தேன்.

வலது பாதம் பெடல் மேல் சும்மா கிடந்தது. முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே அமுக்கிக்கொண்டிருந்தான். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. பாதம் பெடலிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது. அவனுக்கு அது விழுந்ததே தெரியவில்லை. இன்னும் அமுக்கிக்கொண்டிருந்தான்.

"மூர்த்தி."

நிமிர்ந்து பார்த்தான்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"வலது பாதம் வரவே இல்லக்கா. ஒணர்ச்சியும் இல்ல. நடக்கறதெல்லாம் இடுப்புல இருந்து. வெள்ளிங்கிரிக்குத் தெரியும்."

"கால் முழுக்க சரியாயிருச்சுன்னியே. வாராவாரம் சொன்னியே."

"நீ வண்டி நல்லா இருக்குன்ன. நான் கால் நல்லா இருக்குன்னேன்."

என்னையும் மீறிக் கத்தினேன். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இந்தக் காலோடு, மலையா? எதை நம்பி? அவன் பதிலுக்குக் கத்தவில்லை. "லேசா மிதிச்சா போதும்னு நீ எழுதுனே. அப்படின்னா தொடையை வெச்சு சமாளிச்சுரலாம்னு கணக்குப் போட்டேன். தப்புத்தான்" என்றான்.

ஆக, வாசலைத் தாண்டியிருந்தால், பிரேக்கும் இல்லாத வண்டியில் காலும் இல்லாதவன். என் பொய் ஒன்று, அவன் பொய் ஒன்று. 

வாசற்படியில் இருவரும் உட்கார்ந்தோம். பொரியைச் சாப்பிட்டோம். "ஷூவை எலி கடிக்கல, நான்தான் தூக்கிப் போட்டேன்" என்றேன். "தெரியும்க்கா, பொட்டியே காணோமே" என்றான்.

அக்டோபர் 5, ஞாயிறு

ரப்பர் செட் வந்து, வெள்ளிங்கிரி எல்லாவற்றையும் மாட்டினான். எங்கள் இருவரையும் பார்த்து, "ரெண்டு பேரும் என்னைய நடுவுல போட்டு நசுக்கிப்போட்டீங்க. ஒருத்தருகிட்ட ஒருத்தரைப் பத்திச் சொல்லாம இருந்து எனக்கு அல்சரே வந்துருச்சு" என்றான். அவன் கோபம் நியாயம்தான்.

ஆயில் இறக்கும் வேலையை எங்களிடமே விட்டான். இடம் மாறிக்கொண்டோம். மூர்த்தி முக்காலியில் உட்கார்ந்து சக்கரத்தருகே. நான் உள்ளே.

"மிதி."

"மிதிச்சாச்சு."

முதல் சக்கரத்தில் சிவப்பும் கலங்கலும் வந்ததாம். நாலாவது சக்கரத்தில் தெளிந்துவிட்டது, குமிழி இல்லை என்று சொன்னான். என் தொடை இன்னும் வலிக்கிறது.

அட்டையில் நான் எழுதிய ஒன்பது வரியையும் அடிக்கச் சொன்னேன். ஒவ்வொன்றின் மேலும் ஒரே ஒரு கோடு போட்டான். படிக்க முடிகிற மாதிரி. "இருக்கட்டும்" என்றான். கீழே இன்றைய தேதியைப் போட்டு எழுதினான்: பிரேக் ஆயில், ரப்பர் செட். மிதித்தது சாந்தாமணி, திறந்தது திருமூர்த்தி.

அக்டோபர் 12, ஞாயிறு

கோத்தகிரி.

எலுமிச்சம்பழங்கள் வாடிவிட்டன, ஆனாலும் அவற்றின் மேல்தான் ஏற்றிக் கிளம்பினோம். நான் ஓட்டினேன், மலையில் எனக்கு இதுதான் முதல் தடவை. மூர்த்தி பக்கத்தில்.  மலை ஆரம்பித்ததும், "இப்ப கியரைக் கொற… இப்ப லேசா பிரேக்… வுடு… இப்பத் திருப்பு" என்று என் காலையும் சேர்த்து அவனே ஓட்டினான். ஒரு வளைவில் அவன் கை தானாகவே தன் வலது முட்டியைப் பிடித்து அமுக்கியதைப் பார்த்தேன். பார்க்காதவள்போல் இருக்கவில்லை. "அழுத்தறியா?" என்றேன். "ஆமா" என்றான்.

மேலே போய் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வெள்ளிங்கிரி போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"எப்படீங்க்கா இருக்குது?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"பிரேக் புடிக்குது" என்றான் மூர்த்தி. "பின்னால எடது பக்கம் ஒரு சத்தம் வருது. ரேடியேட்டர் கீழ் ஹோஸ் கசியுது. என் கால் இன்னும் வரல, இனி வரும்னும் தோணல."

"நான் வழியெல்லாம் பயந்துட்டேதான் ஓட்டுனேன்" என்றேன். "இன்னும் எறங்கோணும். அதை நெனச்சா இப்பவும் பயமா இருக்கு."



"சரிங்க. மொள்ள வாங்க" என்றான் வெள்ளிங்கிரி.